தோல்வியில் நம் பங்கு



வெற்றியைப் பற்றிப் பேச நம் ஊரில் மேடைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால், ஒரு போட்டியில் நூறு பேர் கலந்துகொண்டால் தொண்ணூற்றொன்பது பேர் தோற்றுத்தான் வீடு திரும்புகிறார்கள். அந்தத் தொண்ணூற்றொன்பது பேரும் அன்று இரவு என்ன செய்ய வேண்டும் என்று சொல்லித்தர ஆளில்லை. உறவுகளிலும் இதே கதைதான். உயிருக்கு உயிராக இருந்த நண்பன் விலகிப்போகிறான். அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்றுபோகிறது. ஆசையாகத் தொடங்கிய மணவாழ்க்கை கசந்துபோகிறது. தோல்வி வந்த பிறகு மனிதன் முதலில் தேடுவது ஒரு காரணத்தை. அந்தக் காரணம் பெரும்பாலும் வெளியில்தான் கிடைக்கிறது. அம்பயர் சரியில்லை, பிட்ச் சரியில்லை, கேள்வித்தாள் கடினம், மாமியார் தூண்டிவிட்டார், நேரம் சரியில்லை.

இவற்றில் எதுவும் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. பல நேரங்களில் அத்தனையும் உண்மையாகவே இருக்கும். நான் சொல்ல வந்தது ஒன்றுதான். பெரும்பாலான தோல்விகளில் நம் பங்கு என்று ஒன்று இருக்கிறது. அது பாதியாக இருக்கலாம், காலோ அரைக்காலோ இருக்கலாம். அதைத் தேடி எடுத்து, இது என்னுடையது என்று பெயர் சொல்லி ஏற்றுக்கொள்கிறவர்தான் அடுத்த முறை வேறு மாதிரி ஆடுவார், வேறு மாதிரி வாழ்வார். தோல்விக்கான காரணங்களில் நம் கைக்கு எட்டுவது அந்தப் பங்கு ஒன்றுதான்.

சதுரங்கத்திலிருந்து தொடங்குகிறேன். அந்த விளையாட்டில் காற்று இல்லை, டாஸ் இல்லை, கூட விளையாடும் பத்துப் பேர் இல்லை. இன்னொரு சிறப்பும் உண்டு. நீண்ட நேர ஆட்டங்களில், தான் வைக்கும் ஒவ்வொரு மூவையும் எதிராளி வைக்கும் ஒவ்வொரு மூவையும் ஆட்டக்காரர் தன் கையாலேயே எழுதியாக வேண்டும். அது விதி. ஆட்டம் முடிந்ததும் அந்த நோட்டேஷன் ஷீட்டில் முடிவை எழுதி இருவரும் கையெழுத்துப் போடுகிறார்கள். தோற்றவருடைய தவறு எத்தனையாவது மூவில் நடந்தது என்பது அவருடைய கையெழுத்திலேயே இருக்கிறது. நல்ல பயிற்சியாளர் தோற்று வந்த பிள்ளையிடம் முதலில் கேட்பது அந்தத் தாளைத்தான்.

2014 நவம்பரில் ரஷ்யாவின் சோச்சி நகரில் நடந்த உலகச் சாம்பியன் போட்டியை உங்களில் பலர் பின்தொடர்ந்திருப்பீர்கள். அதற்கு முந்தைய ஆண்டுதான் விசுவநாதன் ஆனந்த் தம் சொந்த ஊரான சென்னையில், மாக்னஸ் கார்ல்சனிடம் 6.5–3.5 என்ற கணக்கில் பட்டத்தை இழந்திருந்தார். சொந்த ஊரில் தோற்பது எவ்வளவு பெரிய பாரம் என்று விளக்க வேண்டியதில்லை. ஆனால் 2014 மார்ச்சில், காந்தி-மான்சிஸ்க் நகரில் நடந்த தகுதிப் போட்டியில் ஓர் ஆட்டத்தைக்கூட இழக்காமல் வென்று, அதே கார்ல்சனுக்கு எதிரே மறுபடி உட்கார்ந்தார்.

சோச்சியின் ஆறாவது ஆட்டம். இருவரும் சமப் புள்ளியில் இருந்தார்கள். வெள்ளைக் காய்களோடு ஆடிய கார்ல்சன் நல்ல நிலையில் இருந்தார். 26ஆவது மூவில் அவர் தம் ராஜாவை நகர்த்தினார். அது பெரும் பிழை. நடுப்பலகையில் முன்னேறி நின்ற வெள்ளைச் சிப்பாயை ஆனந்த் தம் குதிரையால் வெட்டியிருந்தால் ஆட்டமே தலைகீழாக மாறியிருக்கும். தம் பிழையைக் கார்ல்சன் உடனே உணர்ந்துவிட்டார். ஆனந்தோ தாம் ஏற்கெனவே யோசித்து வைத்திருந்தபடி, ஓரத்துச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளினார். வாய்ப்பு போய்விட்டது. 38ஆவது மூவில் அவர் தோல்வியை ஒப்புக்கொண்டார்.

அதன்பின் நடந்ததைத்தான் கவனிக்க வேண்டும். ஆட்டம் முடிந்த கையோடு இருவரும் பத்திரிகையாளர்கள் முன்னால் வந்து உட்கார வேண்டும். உலகமே கணினித் திரையில் அந்தக் குதிரை மூவைப் பார்த்துவிட்டது. அந்த இடத்தில் ஆனந்த் களைப்பைக் காரணம் சொல்லவில்லை, அரங்கைக் குறை சொல்லவில்லை. எதிர்பாராத பரிசு வரும்போது சில சமயம் அதை எடுத்துக்கொள்ளத் தவறிவிடுகிறோம் என்ற பொருளில் சுருக்கமாகப் பேசினார். அந்தச் சொற்களில் ஒரு கண்டுபிடிப்பு இருக்கிறது. எதிராளி தவறே செய்யமாட்டார் என்று மனத்துக்குள் முடிவுகட்டிக்கொண்டதால், அவர் செய்த தவறு கண்ணில் படவில்லை. நான் மோசமாக ஆடினேன் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதற்கும் இதற்கும் எவ்வளவு தூரம் பாருங்கள். இங்கே எந்த மூவ், எந்த நினைப்பு, எங்கே கண் தவறியது என்று எல்லாமே இருக்கிறது.

அந்தத் தொடரையும் அவர் 6.5–4.5 என்று இழந்தார். பொறுப்பேற்றுக்கொண்டால் அடுத்த ஆட்டத்தில் வெற்றி உறுதி என்று நான் உங்களுக்கு வாக்குக் கொடுக்க மாட்டேன். அப்படிச் சொல்வது பொய். ஆனால் 2017 டிசம்பரில், 48 வயதில், ரியாத்தில் நடந்த உலக ரேபிட் போட்டியில் ஆனந்த் பட்டம் வென்றார். அந்தப் போட்டியில் கார்ல்சனையும் தோற்கடித்தார். தோற்றவர் பலகையை விட்டு எழுந்து போகாமல் இருந்தார் என்பதற்கு அது சாட்சி.

சரி, நம் பங்கைத் தவிர வேறு உண்மையான காரணங்கள் இருக்கும்போது என்ன செய்வது? பி.டி. உஷாவைப் பாருங்கள். 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக், பெண்களுக்கான 400 மீட்டர் தடை ஓட்டத்தின் இறுதிச் சுற்று. உஷா ஓடிய நேரம் 55.42 விநாடி. மூன்றாவதாக வந்த ருமேனிய வீராங்கனையின் நேரம் 55.41. நூற்றில் ஒரு விநாடியில் வெண்கலம் போனது. அந்த ஓட்டத்தின் முதல் தொடக்கம் செல்லாமல் போய், மறுபடி நிற்கவைத்து ஓடவிட்டார்கள். அங்கே கிடைத்த சாப்பாடு பழக்கமில்லாததால், கஞ்சியையும் கொண்டுபோன ஊறுகாயையும் உண்டு ஓடியதாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். இரண்டும் நியாயமான காரணங்கள். இரண்டும் அவருடைய குற்றம் அல்ல. ஒரு நாடு தன் வீராங்கனைக்கு ஏற்ற உணவுக்கு ஏற்பாடு செய்யவில்லை என்றால் அந்தப் பொறுப்பு நாட்டுடையது.

இருந்தும் அவர் பேட்டிகளில் இன்னொன்றையும் சொல்லியிருக்கிறார். முடிவுக்கோட்டில் மார்பை முன்னே சாய்த்திருக்க வேண்டும், நான் சாய்க்கவில்லை என்பதுதான் அது. உணவு, மறுதொடக்கம், சாய்வு என்று மூன்று காரணங்கள். முதல் இரண்டு பிறர் கையில் இருந்தவை. மூன்றாவது மட்டும் அவருடையது. பின்னாளில் கேரளத்தில் ஒரு தடகளப் பள்ளியைத் தொடங்கி அவர் இளம்பெண்களைப் பயிற்றுவித்தார். தன்னால் அன்று செய்ய முடியாமல்போனதைத் துல்லியமாகத் தெரிந்த ஒருவரிடம் பயில்வது அந்தப் பெண்களுக்குப் பெரும் கொடுப்பினை.

இப்படிப் பிரித்துப் பார்க்க உளவியல் நமக்கு ஒரு வழி தருகிறது. பெர்னார்ட் வெய்னர் என்ற அமெரிக்க உளவியலாளர், மனிதர்கள் தங்கள் வெற்றி தோல்விக்குச் சொல்லும் காரணங்களை ஆராய்ந்தவர். எந்தக் காரணத்தையும் மூன்று கேள்விகளால் சோதிக்கலாம் என்பது அவருடைய கோட்பாட்டின் சாரம். அது எனக்குள் இருக்கிறதா, வெளியில் இருக்கிறதா? அது மாறக்கூடியதா, மாறாததா? அது என் கட்டுப்பாட்டில் இருக்கிறதா, இல்லையா? எனக்குக் கணக்கே வராது என்று சொல்கிற பிள்ளை பொறுப்பை ஏற்பதுபோலத் தோன்றும். உண்மையில் அந்தப் பிள்ளை மாறாத ஒன்றின் மேல் பழியைப் போட்டுவிட்டு நடையைக் கட்டுகிறது. நான் வட்டிக் கணக்குகளைப் போட்டுப் பார்க்காமலே தேர்வுக்குப் போனேன் என்று சொல்கிற பிள்ளைக்கு நாளை காலை செய்ய ஒரு வேலை இருக்கிறது.

எல்லாம் என் தப்பு, நான் எதற்கும் லாயக்கில்லை என்று தலையில் அடித்துக்கொள்வதும் இதே வகைதான். அழுகை பெரிதாக இருக்கும், அதற்குள் ஒரு தவறின் பெயர்கூட இருக்காது. எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்கிறவர் எதையும் திருத்த வேண்டியதில்லை. நான் கேட்பது அந்த அழுகையை அல்ல. எந்த மூவ் என்று மட்டும் சொல்லுங்கள்.

இப்போது உறவுகளுக்கு வருகிறேன். விளையாட்டைவிட இங்கே வேலை கடினம். கணவனும் மனைவியும் எதிரெதிரே உட்கார்ந்து ஆடுகிறவர்கள் இல்லை. ஒருவர் தோற்றால் இன்னொருவரும் தோற்கிறார். அதைவிடப் பெரிய சிக்கல், இங்கே நோட்டேஷன் ஷீட் கிடையாது. நடந்ததை அவரவர் நினைவு அவரவர் விருப்பப்படி எழுதிக்கொள்கிறது.

1979இல் மைக்கேல் ராஸ், ஃபியோரே சிக்கோலி என்ற இரு ஆய்வாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கணவனையும் மனைவியையும் தனித்தனியே கேட்டார்கள். சமையல், வீட்டைச் சுத்தம் செய்தல், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது ஆகியவற்றில் உங்கள் பங்கு எவ்வளவு என்பது கேள்வி. இருவரும் சொன்ன பங்குகளைக் கூட்டினால் பெரும்பாலும் நூறு சதவீதத்தைத் தாண்டியது. இதைக் கேட்டதும், எல்லாரும் தற்பெருமைக்காரர்கள் என்று முடிவுகட்டத் தோன்றும். ஆனால் சண்டையைத் தொடங்குவது போன்ற நல்ல பெயர் தராத காரியங்களிலும், குறைந்த அளவிலாவது, அதே போக்கு தெரிந்தது. காரணம் எளிது. நான் கழுவிய பாத்திரம் எனக்கு நினைவிருக்கிறது. நான் தூங்கிய பிறகு மனைவி கழுவிய பாத்திரத்தை நான் பார்க்கவே இல்லை. இருவரும் பொய் சொல்லாமலே இருவர் கணக்கும் தவறிப்போகிறது.

ஆகவே உறவில் பொறுப்பேற்பது என்றால், முதல் வேலை என் நினைவு முழுமையானது அல்ல என்று ஒப்புக்கொள்வது. இன்னொருவருடைய கணக்கைக் கேட்காமல் என் பங்கு எனக்குத் தெரியவே தெரியாது.

இதை நம் சிலப்பதிகாரம் எவ்வளவு நுட்பமாகக் காட்டுகிறது என்று பாருங்கள். ஊழ்வினை விடாது வந்து பற்றும் என்பதைத் தன் நோக்கங்களில் ஒன்றாகச் சொல்லும் காப்பியம் அது. விதியின் மேல் பழிபோட அதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. ஆனால் அதன் மனிதர்கள் என்ன செய்கிறார்கள்? கடற்கரையில் காதலி மாதவி பாடிய பாட்டைக் கேட்டு, அவள் மனம் வேறொருவரிடம் இருக்கிறது என்று தவறாக எண்ணிக் கோவலன் பிரிகிறான். அவள் அனுப்பிய முதல் கடிதத்தை, ஆடல்மகள்தானே, நடிக்கிறாள் என்று வாங்கவும் மறுக்கிறான். பிறகு எல்லாவற்றையும் இழந்து, மனைவி கண்ணகியோடு மதுரைக்கு நடந்துபோகும் வழியில், கோசிகன் என்ற அந்தணன் அவளுடைய இரண்டாம் கடிதத்தைக் கொண்டுவந்து கொடுக்கிறான். பெற்றோருக்கும் சொல்லாமல் இரவோடு இரவாக ஊரைவிட்டுப் போகும்படி நான் என்ன பிழை செய்தேன் என்று மாதவி அதில் கேட்டிருக்கிறாள். அதைப் படித்த கோவலன், அவள்மேல் தீது இல்லை, தீது தன்னுடையது என்று உணர்கிறான். அதோடு நிற்கவில்லை. அந்தக் கடிதத்தின் சொற்கள் தன் பெற்றோரிடம் தான் சொல்ல வேண்டிய மன்னிப்புக்கும் பொருந்துவதைக் கண்டு, அதையே அவர்களிடம் சேர்க்கச் சொல்லிக் கோசிகனைத் திருப்பி அனுப்புகிறான்.

முதல் கடிதத்தை மறுத்தவனும் இரண்டாம் கடிதத்தைப் படித்தவனும் ஒரே மனிதன்தான். இடையில் அவன் இன்னொருவருடைய கணக்கைக் கேட்கும் நிலைக்கு வந்திருக்கிறான். உறவு முறிந்த பிறகும் இது நடக்கலாம் என்பதைக் கவனியுங்கள். அவன் மாதவியிடம் திரும்பிப் போகவில்லை, போகவும் முடியாது. ஆனால் அவள்மேல் சுமத்திய பழியை இறக்கிவைத்துவிட்டான். பிரிந்த நண்பரிடமோ, மணமுறிவு பெற்ற துணையிடமோ நாம் செய்யக்கூடிய நியாயம் இதுதான். சேர்ந்து வாழ்வது முடியாமல்போகலாம். அவரைப் பற்றி ஊரெல்லாம் சொல்லிவந்த கதையைத் திருத்துவது எப்போதும் முடியும்.

அதே காப்பியத்தில் பாண்டியன் நெடுஞ்செழியன் வருகிறான். கோவலனைக் கள்வன் என்று சொல்லி அவனை ஏமாற்றியவன் பொற்கொல்லன். அரசியின் சிலம்பைத் திருடியவனே அவன்தான். ஓர் அரசனுக்கு இதைவிட நல்ல சாக்குக் கிடைக்குமா? ஆனால் கண்ணகியின் சிலம்பிலிருந்து மாணிக்கப் பரல் தெறித்த அந்த நொடியில், அந்தக் கொல்லனின் சொல்லைக் கேட்டவன் நான் என்பதைத்தான் அரசன் பேசுகிறான். கள்வன் என்ற பெயரையும் தனக்கே சூட்டிக்கொள்கிறான். கொல்லன் செய்தது கொல்லனின் குற்றம். விசாரிக்காமல் கோவலனைக் கொல்ல ஆணையிட்டது அரசனின் குற்றம். முதலாவது இருப்பதால் இரண்டாவது இல்லாமல் போவதில்லை. பொறுப்பு என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குத் தெரிந்து இல்லை. அவன் உயிரையே விட்டான். நம் வாழ்க்கைக்கு அது முன்மாதிரி ஆகாது. நாம் உயிரோடு இருந்து, செய்ததைச் சரிசெய்ய வேண்டியவர்கள். அவன் தன் பங்கைக் கண்டுகொண்ட வேகத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

நம் வீடுகளில் இது எப்படி நடக்கிறது? மகளின் பள்ளி விழாவுக்கு வருவதாகச் சொல்லிவிட்டு அப்பா வரவில்லை. இரவு வீட்டுக்கு வந்ததும், நான் யாருக்காக இப்படி ஓடி ஓடி உழைக்கிறேன் என்று தொடங்குகிறார். அம்மா பதிலுக்கு, போன வருஷமும் இப்படித்தான் என்கிறார். பத்து நிமிஷத்தில் விழா மறந்துபோய், இரு வீட்டு உறவினர்களும் பேச்சுக்குள் வந்துவிடுகிறார்கள். மகள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள். ஜான் காட்மன் என்ற அமெரிக்க ஆய்வாளர், மணவாழ்க்கையை அரிக்கும் நான்கு பழக்கங்களைப் பட்டியலிட்டபோது, குறைகூறல், இகழ்ச்சி, பேச்சை அடைத்துக்கொள்ளுதல் ஆகியவற்றோடு இப்படித் தன்னைத் தற்காத்துக்கொண்டே பேசுவதையும் ஒன்றாகச் சேர்த்தார். அதற்கு அவர் சொன்ன மாற்று, சிறு பகுதிக்காவது பொறுப்பேற்றுக்கொள்வது.

அந்த அப்பா வேறு எப்படிச் சொல்லியிருக்கலாம்? "வர்றேன்னு சொல்லிட்டு வரலம்மா. மூணு மணிக்கே தெரியும், லேட் ஆகும்னு. ஒரு போன் பண்ணியிருக்கணும், பண்ணல. நீ மேடையில நின்னு என்னைத் தேடியிருப்ப." இவ்வளவுதான். இதில் வேலைப்பளு வரவில்லை. வேலைப்பளு உண்மைதான், ஆனால் மூன்று மணிக்குப் போன் செய்யாதது வேலைப்பளுவின் குற்றம் இல்லை. செய்தது என்ன, அது இன்னொருவரை எப்படித் தொட்டது என்ற இரண்டும் இருந்தால் மன்னிப்பு முழுமையாகிறது. அடுத்த விழாவுக்குப் போய் முன்வரிசையில் உட்கார்ந்தால் அது உண்மையாகிறது.

இங்கே ஓர் எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டும். அடிபடுகிற பெண்ணிடம் உன் பங்கு என்ன என்று கேட்பது அநியாயம். அடித்த கை யாருடையதோ, அந்தக் குற்றம் முழுவதும் அவருடையது. சாதியின் பேரால் வாய்ப்பு மறுக்கப்பட்டவரிடமும், லஞ்சம் கொடுக்காததால் வேலை கிடைக்காதவரிடமும், தன்னைத் தானே குறைசொல்லிக்கொள் என்று போதிப்பது அறம் ஆகாது. நான் பேசிக்கொண்டிருக்கும் பொறுப்பு, ஒருவர் தனக்குத் தானே கேட்டுக்கொள்ளும் கேள்வி. அதை வலியவர் எளியவர்மேல் எறியும் கல்லாக்கக் கூடாது. அதிகாரம் எவ்வளவு கூடுகிறதோ, அவ்வளவுக்குக் கேள்வியும் கூட வேண்டும். பிள்ளையைவிட அப்பாவுக்கும், மாணவனைவிட ஆசிரியருக்கும், தொழிலாளியைவிட முதலாளிக்கும் இது முதலில் பொருந்தும்.

கடைசியாக, பெற்றோர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். பள்ளி அளவில் நடக்கும் செஸ் போட்டிகளுக்குப் போயிருப்பீர்கள். மண்டபத்துக்கு வெளியே அப்பாக்களும் அம்மாக்களும் தண்ணீர் பாட்டிலோடு காத்து நிற்பார்கள். கதவு திறந்து பிள்ளை வெளியே வரும். முதல் கேள்வி, "ஜெயிச்சியா?" இல்லை என்று தலையசைத்தால் அடுத்த கேள்வி, "எப்படித் தோத்த? அவன் ரேட்டிங் உன்னைவிடக் கம்மிதானே?" எட்டு வயதுப் பிள்ளை அந்த நிமிஷமே கற்றுக்கொள்கிறது. குயினைச் சும்மா கொடுத்துவிட்டேன் என்ற உண்மையைச் சொன்னால் திட்டு விழும். எதிரில் இருந்தவன் மேசையைத் தட்டிக்கொண்டே இருந்தான் என்று சொன்னால் திட்டு அவன் பக்கம் திரும்பும். சாக்குச் சொல்லும் கலையை நாம்தான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். தவறை ஒப்புக்கொள்கிறவருக்குத் தண்டனையும் மறைக்கிறவருக்குச் சலுகையும் கிடைக்கிற வீட்டில், பள்ளியில், அலுவலகத்தில், பொறுப்பேற்கும் மனிதர் உருவாக மாட்டார்.

முதலில் சாப்பிட வையுங்கள். கொஞ்ச நேரம் கழித்து நோட்டேஷன் ஷீட்டை எடுத்துவரச் சொல்லுங்கள். எந்த இடத்தில் மாறியது என்று அந்தப் பிள்ளையே விரல் வைத்துக் காட்டட்டும். காட்டியதும், நல்லா கண்டுபிடிச்ச என்று மனசாரப் பாராட்டுங்கள். வெற்றிக்குக் கொடுக்கும் பாராட்டைவிட அது ஒரு படி உயர்ந்ததாகவே இருக்கட்டும்.

மாணவர்களே, உங்களுக்கும் ஒரு வேலை தருகிறேன். அண்மையில் நீங்கள் தோற்ற ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். தேர்வாகவோ, ஆட்டமாகவோ, ஒரு நட்பாகவோ இருக்கலாம். ஒரு தாளை இரண்டாக மடியுங்கள். ஒரு பக்கம் பிறராலும் சூழலாலும் வந்த காரணங்களை எழுதுங்கள். தாராளமாக எழுதுங்கள், உண்மையை மறைக்க வேண்டாம். மறுபக்கம் நீங்கள் செய்ததையோ செய்யத் தவறியதையோ எழுதுங்கள். அது ஒரே ஒரு வரியாக இருந்தாலும் போதும், ஆனால் நாளும் செயலும் தெரியும்படி இருக்க வேண்டும். விளையாட்டு என்றால் அந்த ஒரு வரியை நாளைய பயிற்சியில் எடுத்துக்கொள்ளுங்கள். உறவு என்றால் உரியவரிடம் நேரில் போய் அந்த ஒரு வரியைச் சொல்லுங்கள். அவர் பதிலுக்குத் தன் பங்கைச் சொல்ல வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். அவர் சொல்லலாம், சொல்லாமலும் போகலாம். அது அவருடைய தாள். உங்கள் பக்கத்தை நிரப்ப உங்களைத் தவிர வேறு யாராலும் முடியாது.